புழுவா, ரப்பரா?

கடலில் தூண்டில் போடுகிற நாலு பேர் ஒரு இடத்தில் சேர்ந்தால், பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும். உயிர்ப்புழு நல்லதா, போலி இரை நல்லதா? இட்லிக்கு சட்னியா சாம்பாரா மாதிரி முடிவே இல்லாத சண்டை. போன ஞாயிற்றுக்கிழமை டைன் ஆறு கடலில் கலக்கிற இடத்தில் உட்கார்ந்து இதையே மறுபடியும் ஒரு மணி நேரம் பேசினோம். மீன் ஒண்ணும் வரலை, அதனால பேச நிறைய நேரம் இருந்தது :-)

எங்க கோஷ்டியில் புழுக்கட்சித் தலைவர் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணன். நியூகாசிலில் கடை வைத்திருக்கிறார். முப்பது வருஷமாக இந்தக் கரையில் தூண்டில் போடுகிறவர். "தம்பி, மீனுக்கு மூக்கு இருக்கு. உம்மட ரப்பரால அதை ஏமாத்தேலாது." இதுதான் அவருடைய கட்சிக் கொள்கை, மொத்தமே ரெண்டு வரி. எதிர்க்கட்சி என் ஆபீஸ் நண்பன், கோயமுத்தூர்க்காரன். "குளிர்ல போய் மண்ணைத் தோண்டி, கையெல்லாம் நாறி, இதெல்லாம் தேவையாடா? ஒரு பாக்கெட் ரப்பர் மீன் வாங்கினா ஒரு சீசன் ஓடும்" என்பான்.

நான் ஆறு வருஷம் முழுக்க முழுக்க அண்ணன் கட்சி. இப்போது ரெண்டு கட்சியிலும் இல்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் புழு பற்றித் தெரியாதவர்களுக்கு. தூத்துக்குடியில் சின்ன வயசில் நான் தூண்டில் போட்டபோது இரை என்றால் இறால் துண்டு, இல்லாவிட்டால் மத்தித் துண்டு. மணலுக்குள்ளேயே இரை இருக்கும் என்பது இங்கிலாந்துக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. தண்ணீர் நன்றாக வற்றின நேரத்தில் இங்கே கடற்கரைக்குப் போனால், மணல் மேலே யாரோ முறுக்குப் பிழிந்து வைத்த மாதிரி சின்னச் சின்ன சுருள்கள் இருக்கும். அது லக் புழுவின் கழிவு. புழு மணலைத் தின்று, அதில் இருக்கிற சத்தை எடுத்துக்கொண்டு, மிச்ச மணலை மேலே தள்ளிவிடுகிறது. சுருளுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சின்னப் பள்ளம் தெரியும். அது தலைப்பக்கம். ரெண்டுக்கும் நடுவே ஆங்கில யு எழுத்து மாதிரி ஒரு வளை, அதன் அடியில் ஐயா படுத்திருப்பார். தோட்டத்து ஃபோர்க்கை எடுத்துக்கொண்டு போய் நடுவில் தோண்டினால் கிடைப்பார்.

இதிலேயே கறுப்பு லக் என்று ஒன்று உண்டு. இன்னும் பெரிசு, இன்னும் ஆழத்தில் இருக்கும். தண்ணீர் ரொம்ப தூரம் வற்றுகிற நாட்களில்தான் அது இருக்கிற இடமே வெளியே தெரியும். தோண்டி எடுப்பது கஷ்டம் என்பதால், சைக்கிள் பம்ப் மாதிரி ஒரு குழாயை வைத்து ஒவ்வொன்றாக உறிஞ்சி எடுப்பார்கள். தூண்டில்காரர்கள் எப்போதோ பிரித்து வைத்திருந்த இந்த ரெண்டையும், விஞ்ஞானிகள் தனித்தனி இனம் என்று எழுதி வைத்தது 1993-ல்தான். மூணாவது ராக் புழு. இருபக்கமும் வரிசையாகக் கால் மாதிரி இருக்கும், பூரான் போலத் தெரியும். வாயில் ரெண்டு கொக்கிப் பல் வேறு. பெரிய ராக் புழுவை அசால்ட்டாகப் பிடித்தால் நல்லாவே கடிக்கும், அனுபவம்.

லக் புழுவைத் தொட்டால் விரலெல்லாம் மஞ்சள் கறை. மஞ்சள் கிழங்கு அரைத்த கை மாதிரி ரெண்டு நாளைக்குப் போகாது. மிச்சப் புழுவை நியூஸ் பேப்பரில் சுற்றி ஃபிரிட்ஜில் வைக்கிற பழக்கம் எல்லா வீட்டிலும் ஒரு சண்டையோடு முடிந்திருக்கும். எங்க வீட்டில் அது தயிர் டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தது. மேலே சொல்ல வேண்டாம்.

சரி, எது அதிகம் மீன் பிடிக்கும்? என் அனுபவத்தில் இந்தக் கேள்வியே பாதி தப்பு. எந்த மீன், எந்தத் தண்ணீர் என்று கேட்காமல் பதில் சொல்ல முடியாது.

இந்தக் கரையில் குளிர்காலத்து ராஜா காட் மீன். வடகிழக்குக் காற்று அடித்து, கடல் கலங்கி, தண்ணீர் டீ மாதிரி ஆனபிறகு அது கரையோரம் வரும். அந்தக் கலங்கலில் கண்ணால் எதையும் தேட முடியாது. அது தேடுவது மோப்பத்தாலும் ருசியாலும். அதன் கீழ்த்தாடையில் தொங்குகிற ஒற்றை மீசையே ருசி பார்க்கிற உறுப்புதான். முள்ளில் குத்தின புழுவிலிருந்து சாறு கசிந்துகொண்டே இருக்கும், நீரோட்டம் அதை எடுத்துக்கொண்டு போகும், மீன் அந்த வாசத்தைப் பிடித்துக்கொண்டு வரும். இந்த இடத்தில் அண்ணன் சொல்வது நூத்துக்கு நூறு சரி. ரப்பர் மீனைப் போட்டுவிட்டு விடிய விடிய உட்கார்ந்தாலும் ஜலதோஷம்தான் பிடிக்கும்.

அதே கடல், ஜூலை மாசம், தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. நம்ம அயிலைக்குச் சொந்தக்காரனான மேக்கரல் கூட்டமாக வருகிறது, சீ பாஸ் பாறை ஓரத்தில் சின்ன மீனைத் துரத்துகிறது. இதெல்லாம் ஓடுகிற இரையைக் கண்ணால் பார்த்து, தண்ணீரில் வருகிற அதிர்வை உணர்ந்து அடிக்கிற மீன்கள். இங்கே தகதகவென்று ஒரு தகட்டையோ, வாலை ஆட்டுகிற ரப்பர் மீனையோ இழுத்துக்கொண்டு வந்தால் போதும், புழுவுக்கு வேலையே இல்லை. கோயமுத்தூர்க்காரன் சொல்வதும் சரி.

ஆக ரெண்டு பேரும் வேற வேற மீனைப் பற்றிப் பேசிக்கொண்டு சண்டை போடுகிறார்கள். பல சண்டைகள் இப்படித்தான்.

நடுவில் ஒரு மூணாவது ஜாதியும் இருக்கிறது. ஜாடியில் திரவத்தில் ஊறிக்கொண்டிருக்கும் செயற்கைப் புழு. ரப்பர் கிடையாது, மக்கிப்போகிற பொருளில் வாசனை சேர்த்துச் செய்தது. பெயர் சொன்னால் விளம்பரம் ஆகிவிடும். ரெண்டு சீசன் இதைப் புழுவோடு பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். கோடைகாலத்தில் சின்னத் தட்டை மீன்களுக்குப் புழு அளவுக்கு இல்லாவிட்டாலும் மோசமில்லை. குளிர்காலத்தில் காட் மீனுக்கு, என் கணக்கில், சுத்தமாகத் தேறவில்லை. ஒரு எச்சரிக்கை: முள்ளிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் காய்ந்து கல் ஆகிவிடும், கத்தி வைத்துத்தான் செதுக்கணும்.

இதுவரைக்கும் மீன் கணக்கு. நான் சொல்ல வந்தது வேற கணக்கு. இந்த இரைக்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்பது.

கடையில் பத்து கறுப்பு லக் வாங்கினால் ஒரு மதியச் சாப்பாட்டுக் காசு போய்விடும். புழுவுக்கா இவ்வளவு விலை என்று நானும் வாயைப் பிளந்திருக்கிறேன். 2017-ல் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். உலகம் முழுக்க வருஷத்துக்கு சுமார் 1,21,000 டன் இரைப்புழு எடுக்கப்படுகிறதாம், மதிப்பு சுமார் 590 கோடி பவுண்டு. கிலோ விலை என்று பார்த்தால் உலகச் சந்தையில் விற்கிற கடல் உயிர்களிலேயே விலை அதிகமான முதல் ஐந்தும் புழுக்கள்தான் என்று அதில் இருந்தது. இறாலும் சிங்கி இறாலும் பின்னால் நிற்க வேண்டியதுதான்.

இவ்வளவு விலை இருக்கும்போது நாமே தோண்டிக்கொள்ளலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. சட்டமும் நம்ம பக்கம். 1993-ல் இதே நார்தம்பர்லாந்து மாவட்டத்தில் பவுல்மர் என்கிற ஊர்க் கடற்கரை பற்றி வந்த ஒரு வழக்கில், கடலில் மீன் பிடிக்கப் பொதுமக்களுக்கு இருக்கிற உரிமையில் சொந்த உபயோகத்துக்கு இரை தோண்டுகிற உரிமையும் சேர்த்தி என்று நீதிமன்றம் சொன்னது. விற்கத் தோண்டினால் அந்த உரிமை கிடையாது. பாதுகாக்கப்பட்ட இடங்களில் தனி விதிகள் உண்டு. மற்றபடி ஃபோர்க்கும் வாளியும் இருந்தால் போதும்.

அந்த வாளிதான் பிரச்சினை. தோண்ட ஆரம்பித்தால் நிறுத்த மனசு வராது. ஒரு ராத்திரிக்கு எனக்குத் தேவை அதிகபட்சம் முப்பது புழு. நான் எண்பது தோண்டுவேன். "கிடைக்கும்போது எடுத்து வச்சிக்கணும்" என்கிற புத்தி. மிச்சம் ஃபிரிட்ஜுக்குப் போகும், ரெண்டு நாளில் செத்துக் கூழாகும், குப்பைக்குப் போகும். ஆறு வருஷத்தில் நான் மீனுக்குப் போட்டதைவிடக் குப்பைக்குப் போட்டது அதிகம். இதை எழுதும்போதுதான் கூட்டிப் பார்க்கிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஒருத்தன் ஐம்பது புழுவை வீணாக்கினால் கடல் காலியாகிவிடுமா? ஆகாதுதான். ஆனால் எல்லாரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்திலேயே கதை இருக்கிறது. பட்ல் பே என்று ஒரு விரிகுடா, லிண்டிஸ்ஃபார்ன் தீவுக்குப் பக்கம். 1980களில் வியாபாரத்துக்குத் தோண்டுகிறவர்கள் அங்கே இறங்கி, ஆறே வாரத்தில் சுமார் 40 லட்சம் லக் புழுக்களை எடுத்துவிட்டார்கள். ஒரு சதுர மீட்டருக்கு 40 இருந்த புழு, ஒன்றுக்கும் கீழே போனது. அந்தப் புழுவை நம்பி பட்டைவால் மூக்கன் மாதிரியான பறவைகள் குளிர்காலத்தில் அங்கே வருகின்றன. நீட்டு அலகை மணலுக்குள் விட்டு அவையும் அதைத்தான் தேடுகின்றன, அவற்றுக்குக் கடை கிடையாது. நல்ல செய்தி என்னவென்றால், தோண்டுவது நின்றபிறகு சில மாதங்களிலேயே சுற்றுப்புறத்திலிருந்து புழுக்கள் வந்து இடம் பிடித்துவிட்டன. அதாவது கொஞ்சம் விட்டுவைத்தால் திரும்பி வரும். சுற்றிலும் தோண்டாத இடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ராக் புழு கதை இன்னும் பாவம். அது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் இனப்பெருக்கம் செய்யும், அதோடு செத்துவிடும். பெரிசா கொழுகொழுவென்று இருக்கிறதே என்று நாம் எடுப்பது, பல வருஷம் வளர்ந்து அந்த ஒரு தடவைக்காகக் காத்திருக்கும் புழுவை. இதனால்தான் ராக் வேண்டுமென்றால் பண்ணையில் வளர்த்ததை வாங்குவது நல்லது என்பது என் கட்சி. 1980களிலேயே நார்தம்பர்லாந்தில் மின் நிலையத்தின் வெதுவெதுப்பான தண்ணீரை வைத்து ராக் புழு வளர்க்க ஆரம்பித்தவர்கள் இருக்கிறார்கள், ஒன்றும் புதுசு இல்லை.

இதெல்லாம் படித்தா நான் மாறினேன்? இல்லை. மாறினது ஒரு குழியால்.

ரெண்டு வருஷம் முன்னாடி நவம்பர் மாசம், ஒரு சனிக்கிழமை காலை. நல்ல வற்றம். மகனுடைய நண்பனுக்குப் பிறந்தநாள், பதினோரு மணிக்குக் கிளம்பணும். தோண்டிக்கொண்டே இருந்தேன், மணியைப் பார்க்கலை. தண்ணீர் திரும்பிவிட்டது. வழக்கமாகத் தோண்டின குழியை அடுத்த குழியின் மண்ணால் மூடிக்கொண்டே போவேன். அன்றைக்குக் கடைசி எட்டு ஒன்பது குழிகளை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். கடல் வந்து மூடிக்கொள்ளும் என்று மனசுக்குச் சமாதானம்.

மறுநாள் குடும்பத்தோடு அதே கடற்கரைக்குக் காலாற நடக்கப் போனோம். அந்த விரிகுடா அலை அதிகம் இல்லாத, சேறு கலந்த இடம். ரெண்டு ஏற்றம் வந்து போயும் குழி மூடவில்லை. கூழ் மாதிரி சேறும் தண்ணீரும் நிறைந்து, மேலே பார்க்க மற்ற மணல் மாதிரியே இருந்தது. முன்னால் ஓடின மகன், அப்போ அவனுக்கு ஆறு வயசு, தொடை வரைக்கும் உள்ளே போனான். முகம் குப்புற விழுந்து, வாயில் சேறு, பூட்ஸ் மாட்டிக்கொண்டது. கத்தினான் பாருங்க, அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. நானும் மனைவியும் இழுக்க, நாய் கூட்டிக்கொண்டு வந்த ஒரு பெரியவர் ஓடிவந்து பிடிக்க, பையன் வந்தான். பூட்ஸ் வரலை.

பெரியவர் அவனுக்குத் தன் கழுத்துத் துணியைச் சுற்றிவிட்டுச் சொன்னார்: "எவனோ புழு தோண்டிட்டு மூடாம போயிருக்கான். போன வருஷம் என் மனைவி இதே மாதிரி ஒண்ணுல விழுந்து கணுக்கால் உடைஞ்சுது. இன்னும் சரியா நடக்க முடியலை."

நான் "அப்படியா, பாவம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அந்த எவனோ நான்தான் என்று சொல்லலை. மனைவி என்னைப் பார்த்தாள், அவளும் ஒன்றும் சொல்லலை. மறுநாள் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுப் போய் எல்லாக் குழியையும் மூடினேன், பூட்ஸையும் தோண்டி எடுத்தேன். பெரியவரை அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் சொல்லியிருப்பேனா? தெரியாது. சொல்லியிருப்பேன் என்று எழுத ஆசைதான்.

அந்தச் சூட்டில் முழுசாக ரப்பர் கட்சிக்குத் தாவினேன். ஒரு கோடை முழுக்கப் புழுவைத் தொடவில்லை. மனசு சுத்தமாகிவிட்ட மாதிரி இருந்தது. சீசன் முடிந்து பெட்டியைத் திறந்து எண்ணினேன். வாங்கினதில் 23 ரப்பர் மீன் காணோம். எல்லாம் பாறை இடுக்கில் மாட்டி, நரம்பு அறுந்து, அங்கேயே இருக்கிறது. அந்த மாதிரி ரப்பர் பெரும்பாலும் பிவிசி பிளாஸ்டிக்கை மெதுவாக்கிச் செய்வது. புழு முள்ளிலிருந்து கழன்றால் ஒரு நண்டு தின்றுவிடும். இது மக்காது. முன்னாடி நான் குழியை விட்டுவிட்டு வந்தேன், இப்போ பிளாஸ்டிக்கை விட்டுவிட்டு வருகிறேன். குழியாவது கொஞ்ச நாளில் மூடிக்கொள்ளும்.

மகன் ஒரு நாள் கேட்டான், "புழுவுக்கு வலிக்காதாப்பா?" விலங்குகளுக்கும் உணர்வு உண்டு என்று இங்கே 2022-ல் ஒரு சட்டம் வந்தது. அதில் முதுகெலும்பு உள்ளவை, அதோடு நண்டு, இறால், கணவாய் வகைகள் எல்லாம் சேர்த்தி. புழு கிடையாது. சட்டத்தில் இல்லை என்பதால் வலிக்காது என்று அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரலை. "வலிக்கலாம்டா, அதனால தேவைக்கு மேல எடுக்கக் கூடாது" என்றேன். பாதிப் பதில்தான், ஆனால் பொய் இல்லை.

இப்போது நான் செய்வது இதுதான்:

1. குளிர்காலம், கலங்கல் தண்ணீர், காட் மீன் என்றால் உயிர்ப்புழு. வேறு எதுவும் அந்த இடத்தில் வேலைக்கு ஆகாது. ஆனால் முப்பது, எண்ணி முப்பது. முப்பதாவது வந்ததும் ஃபோர்க்கைத் துடைத்துவிட வேண்டியது.

2. குழியை அப்போதைக்கப்போதே மூடுவது. கடைசிக் குழியை மூட நேரம் இல்லை என்றால் கடைசிப் புழுவுக்கும் நேரம் இல்லை.

3. தெளிந்த தண்ணீர், கோடைகாலம் என்றால் போலி இரை. மாட்டிக்கொள்கிற பாறை இடத்தில் ரப்பரைப் போடுவதில்லை, மணல் பக்கம் மட்டும். பாறைப் பக்கம் ஆசை வந்தால் மக்கிப்போகிற ஜாடிப் புழு.

4. மிச்சமான கறுப்பு லக்கை சுத்தம் செய்து ஃப்ரீசரில் வைத்தால் அடுத்த தடவைக்கு ஆகும். சாதா லக் உறைய வைத்தால் கூழ்தான். அதனால் மிச்சமே வரக்கூடாது.

5. கடையில் வாங்கின புழுவையோ, அதைச் சுற்றி வந்த பாசியையோ கடலில் வீசுவதில்லை. அமெரிக்காவின் மெயின் மாநிலத்துப் புழுக்களைச் சுற்றி அனுப்புகிற பாசியோடு வேற்றூர் நத்தையும் நண்டும் சேர்ந்து போன கதை உண்டு.

இதைச் சொன்னதும் அண்ணன் சிரித்தார். "தம்பி, மீன் பிடிக்க வந்தனீரோ, கணக்கெழுத வந்தனீரோ?" என்றார். கோயமுத்தூர்க்காரனும் சிரித்தான், நான் அவன் கட்சியிலிருந்து ஓடிப்போன துரோகி என்று. ஆனால் அன்றைக்கு அண்ணன் கிளம்பும்போது, வாளியில் மிச்சம் இருந்த புழுவை எட்டிப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் அதை எனக்குக் கொடுத்தார். பதினாலு இருந்தது. அடுத்த தடவை எனக்குப் பதினாறு தோண்டினால் போதும்.

பி.கு.: மகன் இப்போது என்னோடு தோண்ட வருகிறான். எண்ணுவது அவன் வேலை. முப்பத்தொன்றாவதைத் தோண்டினால் திரும்பப் புதைக்கச் சொல்கிறான். புதைத்துவிட்டு அந்த இடத்தில் காலால் நன்றாக மிதித்துப் பார்த்த பிறகுதான் நகர்கிறான்.